முதல் ஆர்சி டிரக்கைக் கிட்டாக வாங்கிக் கட்டுவது எப்படி: காகிதம், காசு, காலம்

சென்னையில் இருந்துகொண்டு 1/10 அளவு ஆர்சி (ரேடியோ கண்ட்ரோல்) டிரக் ஒன்றைக் கிட்டாக, அதாவது நாமே கட்டவேண்டிய பாகங்களாக வரவழைத்து, கட்டி, மண்ணில் நிம்மதியாக ஓட்ட எனக்கு ஏழு மாதம் ஆனது. அதில் ஸ்குரூ டிரைவரைக் கையில் பிடித்திருந்த நேரம் பதினைந்து மணிதான் இருக்கும். மீதியெல்லாம் பார்சலுக்குக் காத்திருந்ததிலும், பொருந்தாத சாமானை வாங்கித் திருப்பி அனுப்பியதிலும், அவசரப்பட்டு அப்கிரேடு போட்டு உடைத்ததிலும் போனது. வரிசை தெரிந்திருந்தால் ஆறு வாரத்தில் முடித்திருப்பேன். அந்த வரிசையைத்தான் இங்கே எழுதுகிறேன்.

நான் கட்டியது டமியா என்ற ஜப்பானிய மாடல் கம்பெனியின் சிசி-02 சேஸிஸ். 2019இல் வந்தது. நான்கு சக்கரமும் இழுக்கும், முன்னும் பின்னும் இரு சக்கரத்தையும் இணைக்கும் ஒற்றைத் திட அச்சு, 540 அளவு மோட்டார். உதாரணங்கள் அதிலிருந்து வந்தாலும், 1/10 அளவில் எந்தக் கிட் வாங்கினாலும் இந்தப் படிகள் பெரும்பாலும் பொருந்தும்.

1. முதலில் இடத்தைப் பாருங்கள், பிறகு வண்டியை

வேகமாகப் பாயும் டிரக் வேண்டுமா, கல்லும் வேரும் ஏறும் டிரக் வேண்டுமா என்பதை உங்கள் ஆசை தீர்மானிக்கக் கூடாது. வீட்டிலிருந்து அரை மணி நேரத்தில் போகக்கூடிய இடம்தான் தீர்மானிக்க வேண்டும். வேக டிரக்குக்கு ஆளில்லாத பெரிய மைதானம் வேண்டும். மெதுவாக ஏறும் டிரெயில் டிரக்குக்குக் காலி மனையில் கொட்டிக் கிடக்கும் ஜல்லிக் குவியலே போதும். வற்றிய ஏரிக்கரை கிடைத்தால் இன்னும் நல்லது.

கடற்கரை மணலைக் கணக்கில் சேர்க்காதீர்கள். உப்பு ஏறிய மணல் ஒரே மாலையில் பேரிங்குகளையும் மோட்டாரையும் பாழாக்கிவிடும்.

கிட்டா, கட்டி முடித்து வரும் ஆர்டிஆரா என்று கேட்பீர்கள். அடுத்த வாரமே ஓட்டியாக வேண்டும் என்றால் ஆர்டிஆர். உதிரி பாகக் கடை பக்கத்தில் இல்லாத ஊரில் இருந்தால் கிட்தான் என் சிபாரிசு. ஏனென்றால் உடையும்போது எந்தத் துண்டு, என்ன எண், எந்த ஸ்குரூ என்று உங்களுக்கே தெரிந்திருக்கும்.

2. பெட்டியின் விலை பாதி விலைதான்

பெரும்பாலான கிட்டில் ரேடியோ (கையில் பிடிக்கும் ரிமோட்), அதன் சிக்னலை வாங்கும் ரிசீவர், சக்கரத்தைத் திருப்பும் செர்வோ, பேட்டரி, சார்ஜர், பெயின்ட் எதுவும் வராது. மோட்டாரின் வேகத்தை அடக்கி ஆளும் இஎஸ்சி சில பதிப்பில் இருக்கும், சிலதில் இருக்காது. ஒரே வண்டியை இரண்டு கடைகள் இரண்டு விலைக்கு விற்றால் வித்தியாசம் பெரும்பாலும் இதில்தான். பெட்டியின் பக்கவாட்டில் 'தனியாக வாங்க வேண்டியவை' என்று ஒரு பட்டியல் அச்சிட்டிருப்பார்கள். காசு கட்டுமுன் அந்தப் பக்கத்தின் படத்தைக் கடைக்காரரிடம் கேட்டு வாங்குங்கள்.

கிட் தவிர எனக்கு ஆன செலவு: ரிசீவருடன் ரேடியோ 4,500 ரூபாய், இஎஸ்சி 2,800, உலோகப் பல் செர்வோ 1,200, லைப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரி 3,500, பேலன்ஸ் சார்ஜர் 3,000, கருவிகள் 2,500, பெயின்ட் 1,500. மொத்தம் 19,000. உங்கள் விலைகள் முன்பின் இருக்கலாம். ஆனால் கிட்டின் விலையை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்கினால், பெட்டியைத் திறந்து வைத்து இரண்டு மாதம் பார்த்துக்கொண்டுதான் இருக்க வேண்டும்.

3. வரவழைக்கும் காகிதங்கள்

உள்நாட்டு ஹாபி கடையில் நீங்கள் நினைத்த கிட் இருந்தால், விலை கொஞ்சம் கூடுதலாகத் தெரிந்தாலும் அங்கேயே வாங்குங்கள். ஜிஎஸ்டி பில்லோடு வரும், வரித் தலைவலி அவர்களுடையது. இல்லாவிட்டால்தான் வெளிநாட்டு ஆர்டர். அப்போது கவனிக்க வேண்டியவை இவை.

வரி. பொம்மைகளுக்கான அடிப்படை இறக்குமதி வரி 2020 பட்ஜெட்டில் 20 சதவீதத்திலிருந்து 60 ஆனது, 2023இல் 70 ஆனது. பொருளின் விலையோடு அனுப்பும் செலவும் காப்பீடும் சேர்ந்த தொகைக்குத்தான் வரி. அதற்கும் மேலே ஐஜிஎஸ்டி. விகிதம் பட்ஜெட்டுக்குப் பட்ஜெட் மாறுவதால், ஆர்டர் போடும் வாரத்தில் நடப்பு விகிதத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். நான் கடைப்பிடிக்கும் கணக்கு எளிது: கிட் விலையும் அனுப்பும் செலவும் எவ்வளவோ, அதே அளவு தொகையை வரிக்கென்று தனியே ஒதுக்கிவிட்டுத்தான் ஆர்டர் போடுவேன். மிஞ்சினால் பேட்டரிக்கு ஆகும்.

'பரிசு' என்று போட்டு அனுப்பச் சொல்லாதீர்கள். தபாலிலோ கூரியரிலோ வரும் பார்சலைப் பரிசு என்று காட்டி விடுவிப்பது 2019 டிசம்பர் முதல் தடை செய்யப்பட்டிருக்கிறது. ராக்கிக்கும் உயிர் காக்கும் மருந்துக்கும் மட்டுமே விலக்கு. பழைய பழக்கத்தில் இன்னும் இதைச் சொல்லிக்கொடுப்பவர்கள் உண்டு. கேட்டால் பார்சல் மாட்டிக்கொள்ளும்.

இன்வாய்ஸ். 'டாய்' என்று ஒற்றைச் சொல்லில் போட விடாதீர்கள். 14 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கான பொம்மைகளுக்கு 2021 ஜனவரி முதல் ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம். உண்மையில் உள்ளே இருப்பது எதுவோ அதை அப்படியே எழுதச் சொல்லுங்கள்: 1/10 அளவு ரேடியோ கண்ட்ரோல் மாடல் கிட், பிரித்த நிலையில், பேட்டரி இல்லை, ரேடியோ இல்லை. பெட்டியில் வயது வரம்பு அச்சிட்டிருந்தால் அதன் படம், காசு கட்டியதற்கான ரசீது, கடையின் பக்கத்தில் விலை தெரியும் ஸ்கிரீன்ஷாட் மூன்றையும் ஒரே பிடிஎஃப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

கேஒய்சி, அதாவது அடையாளச் சரிபார்ப்பு. கூரியர் நிறுவனம் ஆதாரோ பானோ கேட்கும். என் பார்சல் பத்தொன்பது நாள் நின்றது இங்கேதான். ஆதாரில் என் இனிஷியல் பெயருக்குப் பின்னால் இருக்கிறது, பானில் அப்பா பெயர் முழுதாக விரிந்திருக்கிறது, ஆர்டரில் நான் இனிஷியலே போடவில்லை. மூன்றும் ஒரே ஆள்தான் என்று நிரூபிக்க நான்கு மின்னஞ்சல் ஆனது. நம் ஊரில் பாதிப் பேருக்கு இந்தச் சிக்கல் இருக்கும். ஆர்டர் போடும்போதே, எந்த அட்டையைக் காட்டப்போகிறீர்களோ அதில் உள்ள எழுத்து மாறாமல் பெயரைப் போடுங்கள். முகவரியும் அப்படியே.

ரேடியோவை அதே பார்சலில் சேர்க்காதீர்கள். 2.4 கிகாஹெர்ட்ஸ் கருவியை இயக்க நமக்கு லைசென்ஸ் வேண்டாம். ஆனால் வெளியிலிருந்து கொண்டுவரும் வயர்லெஸ் சாதனத்துக்கு டபிள்யூபிசி (மத்திய அரசின் வயர்லெஸ் பிரிவு) ஒப்புதல் உண்டா என்று சுங்கத்தில் கேட்கலாம். உள்நாட்டில் கிடைக்கும் ஃப்ளைஸ்கை போன்ற ரேடியோவே தொடக்கத்துக்குத் தாராளம்.

பேட்டரியும் ஸ்பிரே பெயின்ட்டும் விமானத்தில் வருவது கடினம். தனி லித்தியம்-அயன் பேட்டரியைப் பயணிகள் விமானத்தில் சரக்காக ஏற்ற 2016 ஏப்ரல் முதல் உலகெங்கும் தடை. வெளிநாட்டிலிருந்து வரும் அண்ணனிடம் சொல்லி அனுப்புகிறீர்கள் என்றால், கைப்பையில் மட்டுமே கொண்டுவர வேண்டும், முனைகளில் டேப் ஒட்டியிருக்க வேண்டும். வரம்பு 100 வாட்-அவர். 7.4 வோல்ட், 5,000 எம்ஏஎச் பேட்டரி 37 வாட்-அவர்தான், அதனால் பயமில்லை. செக்-இன் பெட்டியில் போட்டால் பறிபோகும்.

4. மேசையும் கருவியும்

டமியா ஸ்குரூக்களின் தலை நம் ஊர் ஸ்டார் ஸ்குரூ மாதிரி தெரியும், ஆனால் ஜப்பானிய ஜேஐஎஸ் அளவு. சாதாரண ஸ்டார் டிரைவரை அழுத்தித் திருகினால் தலை வழுக்கித் தேய்ந்துவிடும். ஒரு ஜேஐஎஸ் டிரைவருக்குச் செலவு செய்யுங்கள். ஆலன் தலை ஸ்குரூ வரும் கிட் என்றால் 1.5, 2.0, 2.5 மி.மீ. மூன்றும் வேண்டும், முனை கடினமான நல்ல எஃகில்.

பைகள் ஏ, பி, சி என்று பிரித்து வரும். எல்லாவற்றையும் ஒரே நேரத்தில் வெட்டிக் கொட்டாதீர்கள். அந்தப் படிக்கு உரிய பையை மட்டும் திறந்து, சாப்பாட்டுத் தட்டு ஒன்றில் கொட்டி வேலை செய்யுங்கள். மின்விசிறியை நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது. தண்டில் மாட்டும் குட்டி இ-கிளிப் ஒன்று பறந்தால் கிடைக்காது.

5. கட்டும்போது நான்கு இடத்தில் மட்டும் நிதானம்

மற்றதெல்லாம் கையேட்டில் படம் போட்டிருக்கிறது. இந்த நான்கிலும்தான் புதியவர்கள் சறுக்குகிறார்கள்.

பிளாஸ்டிக்கில் இறங்கும் ஸ்குரூ. முதல் முறை இறக்குமுன் மரைப் பகுதியைக் குளியல் சோப்பில் ஒரு தேய் தேயுங்கள், வழுக்கிக்கொண்டு இறங்கும். தலை உட்கார்ந்ததும் நிறுத்துங்கள். கழற்றி மறுபடி மாட்டும்போது, முதலில் இடப்பக்கமாக மெல்லச் சுற்றுங்கள். 'டக்' என்று பழைய மரையில் விழும். அப்புறம் வலப்பக்கம் திருகுங்கள். இதைச் செய்யாவிட்டால் மூன்றாவது முறை கழற்றும்போது துளை பெரிதாகிவிடும். உலோகத்தில் இறங்கும் உலோக ஸ்குரூவுக்கு ஸ்குரூ கழலாமல் பிடிக்கும் நீல திரெட்லாக் பசை ஒரு சொட்டு. பிளாஸ்டிக் பக்கம் அதைக் கொண்டுபோகவே கூடாது, பிளாஸ்டிக் வெடித்துவிடும்.

பேரிங். சில கிட்டில் சுழலும் இடங்களில் பேரிங்குக்குப் பதிலாகப் பிளாஸ்டிக் புஷ் (வளையம்) கொடுத்திருப்பார்கள். கட்டும்போதே அதை மாற்றிவிடுங்கள். பின்னால் மாற்ற முழு வண்டியையும் பிரிக்க வேண்டும். நான் பாரிமுனைப் பக்கம் ஒரு பேரிங் கடைக்குப் போய், கையேட்டில் இருந்தபடி '1150 வேண்டும்' என்று கேட்டேன். கடைக்காரப் பெரியவர் விழித்தார். "சாம்பிள் இருக்கா தம்பி?" என்றார். புஷ்ஷைக் கொடுத்தேன். வெர்னியரை எடுத்து வெளியே, உள்ளே, தடிமன் மூன்றையும் அளந்தார். "பதினொண்ணு, அஞ்சு, நாலு. எம்ஆர்115னு கேளுப்பா." டமியாவின் 1150 என்றால் வெளி விட்டம் 11, உள் விட்டம் 5. கடை மொழியில் அது எம்ஆர்115. அதேபோல 850 என்பது எம்ஆர்85. இருபக்கமும் ரப்பர் மூடி உள்ளதாக, அதாவது 2ஆர்எஸ் என்று சேர்த்துக் கேளுங்கள். நம் புழுதிக்குத் தகர மூடி தாங்காது. எத்தனை என்பதைக் கையேட்டில் எண்ணிக்கொண்டு, இரண்டு கூடுதலாக வாங்குங்கள்.

ஷாக், அதாவது அதிர்ச்சி தாங்கி. எண்ணெய் ஊற்றி, பிஸ்டனை மெதுவாக மேலும் கீழும் நகர்த்தி, நேராக நிறுத்தி வைத்துவிட்டுப் பத்து நிமிடம் எழுந்து போய்விடுங்கள். குமிழி எல்லாம் மேலே வந்த பிறகு மூடுங்கள். நான்கு ஷாக்கும் ஒரே மாதிரி அமுங்கி ஒரே மாதிரி எழ வேண்டும். 'களக் களக்' என்று சத்தம் கேட்டால் உள்ளே காற்று இருக்கிறது.

கியர் இடைவெளி. மோட்டாரின் சின்னக் கியரான பினியனும் பெரிய ஸ்பர் கியரும் எவ்வளவு நெருங்க வேண்டும் என்பதில்தான் வண்டியின் ஆயுள். நோட்டுப் புத்தகத் தாளைப் பட்டையாகக் கிழித்து இரண்டுக்கும் நடுவே கொடுத்து, மோட்டாரை அழுத்தி ஸ்குரூவை இறுக்குங்கள். பிறகு கியரைச் சுற்றித் தாளை வெளியே எடுங்கள். தாள் கிழியாமல் மடிப்பு மடிப்பாக வர வேண்டும். கிழிந்து வந்தால் இறுக்கம் அதிகம். மோட்டார் இடம் ஒரே துளையில் நிலையாக இருக்கும் கிட்டில் இது தேவைப்படாது. பினியனின் குட்டி ஸ்குரூ, மோட்டார் தண்டில் தட்டையாகச் சீவிய பக்கத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறதா என்று மட்டும் வெளிச்சத்தில் பாருங்கள்.

6. வயரிங்

செர்வோவின் கொம்பை, அதாவது அதன் தண்டில் மாட்டும் சின்னக் கையை, மாட்டுமுன் செர்வோவுக்கு மின்சாரம் கொடுத்து, ரேடியோவில் நடுநிலையைச் சரிசெய்யும் டிரிம்மை நடுவில் வைத்து, அது தானாக நடுவுக்கு வந்த பிறகு மாட்டுங்கள். கொம்பின் பல் எண்ணிக்கை கம்பெனிக்குக் கம்பெனி மாறும்: ஃபுடாபா, சாவோக்ஸ் 25, ஹைடெக் 24, சான்வா 23. ஒன்றுபோலத் தெரியும். அடித்து ஏற்றினால் பல் போய்விடும்.

கிட்டில் வரும் வெள்ளை டமியா கனெக்டர் அதிக மின்னோட்டத்தில் சூடாகும். எக்ஸ்டி60 கனெக்டருக்கு மாற்றிக்கொள்ளலாம். ரிச்சி தெருவில் சில பத்து ரூபாய்க்குக் கிடைக்கும், ஹீட் ஷ்ரிங்க் டியூபும் அங்கேயே வாங்கலாம். பேட்டரிப் பக்கத்து வயரை வெட்டும்போது இரண்டையும் சேர்த்துக் கத்தரிக்கோலால் வெட்டாதீர்கள். கத்தரிக்கோலே இரண்டையும் இணைத்து ஷார்ட் ஆக்கும். எனக்குக் கத்தரியின் வாயில் அரிசி அளவு துண்டு உருகிப் போனது, கண் தப்பியது. ஒரு வயரை வெட்டி, சால்டர் வைத்து, மூடிவிட்டுத்தான் அடுத்த வயர்.

இஎஸ்சியில் பேட்டரி வகையை லைப்போ, என்ஐஎம்எச் (நிக்கல் பேட்டரி) என்று தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கும். ஹாபிவிங் 1060 போன்றவற்றில் அது ஒரு சின்ன ஜம்பர். லைப்போவில் வையுங்கள். வோல்ட் இறங்கியதும் தானே நிறுத்தும் லைப்போ கட்-ஆஃப் இல்லாத இஎஸ்சியோடு லைப்போ பேட்டரியைச் சேர்க்காதீர்கள்.

கடைசியாக ஃபெயில்சேஃப், அதாவது சிக்னல் போனால் வண்டி தானே நிற்பது. வண்டியை டப்பா மேல் தூக்கி வைத்து, சக்கரம் சுற்றும்போது ரேடியோவை அணையுங்கள். சக்கரம் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் ரிசீவர் கையேட்டைப் பார்த்துச் சரிசெய்யாமல் வெளியே எடுத்துப் போகாதீர்கள். இந்தச் சோதனையைத் தவிர, எப்போதும் ரேடியோவை முதலில் போட்டுவிட்டு வண்டியைப் போடுங்கள். அணைக்கும்போது வண்டி முதலில்.

7. லைப்போவிடம் மரியாதை

இந்தப் பொழுதுபோக்கில் வீட்டுக்கு ஆபத்து தரக்கூடிய ஒரே பொருள் இதுதான். அதனால் இங்கே சிக்கனம் வேண்டாம்.

வாங்குமுன் பேட்டரி அறையை அளந்துகொள்ளுங்கள். 2எஸ் (இரண்டு செல்) கடின உறை பேட்டரி சுமார் 138 × 46 × 25 மி.மீ. சதுர விளிம்போடு இருக்கும். பழைய உருண்டை விளிம்பு என்ஐஎம்எச் பேட்டரிக்காக வடித்த அறையில் இது இறங்காமல் போகலாம். நான் திருப்பி அனுப்பிய சாமான்களில் ஒன்று இது.

செல் ஒன்றுக்கு முழு சார்ஜ் 4.2 வோல்ட். செல்களைச் சமமாக்கும் பேலன்ஸ் வயரையும் மாட்டித்தான் சார்ஜ் செய்ய வேண்டும். 5,000 எம்ஏஎச் என்றால் 5 ஆம்பியர், அதற்கு மேல் வேண்டாம். இரண்டு மூன்று நாள் ஓட்டப்போவதில்லை என்றால் சார்ஜரின் ஸ்டோரேஜ் முறையில் போட்டு 3.8 வோல்ட்டில் வையுங்கள். முழு சார்ஜில் வாரக்கணக்கில் கிடந்தால் உப்பிவிடும். நான் சமையலறை டைல்ஸ் தரையில், அகலமான மண்சட்டிக்குள் வைத்து, பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டேதான் சார்ஜ் செய்கிறேன். தூங்கப் போகும்போது சார்ஜ் போடுவது கூடவே கூடாது. சித்திரை வெயிலில் காருக்குள்ளோ ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியிலோ விட்டுப் போகாதீர்கள். உப்பிய பேட்டரியைக் குத்தாதீர்கள், குப்பையிலும் போடாதீர்கள். மின்கழிவு எடுப்பவரிடம் கொடுங்கள்.

8. பாடி பெயின்ட்

பாலிகார்பனேட் பாடிக்கு உள்பக்கம்தான் பெயின்ட் அடிக்க வேண்டும். அதற்குரிய பெயின்ட் டமியாவில் பிஎஸ் வரிசை. டிஎஸ் வரிசை கடின பிளாஸ்டிக்குக்கு. அதை மாற்றி அடித்தால் முதல் மோதலிலேயே செதில் செதிலாக உதிரும். பாத்திர சோப்பு போட்டுக் கழுவி, ஈரம் போகக் காய வைத்து, கண்ணாடிகளை மாஸ்க் செய்து, மெல்லிய பூச்சாக நான்கு ஐந்து முறை. இரண்டு நிறம் என்றால் அடர்ந்த நிறம் முதலில், வெளிர் நிறம் பின்னால். ஐப்பசி கார்த்திகை மழையில் அடிக்காதீர்கள், ஈரக்காற்றில் பூச்சு மங்கிப் போகும்.

9. முதல் பேட்டரி

ஐந்து நிமிடம் ஓட்டுங்கள், நிறுத்துங்கள், மோட்டாரில் விரல் வையுங்கள். மூன்று வினாடி வைத்திருக்க முடியவில்லை என்றால் சூடு அதிகம். கியர் இறுக்கமா, பேரிங் சிக்குகிறதா என்று பாருங்கள். இரண்டும் சரி என்றால் ஒன்றிரண்டு பல் குறைவான பினியன் போடுங்கள். சக்கர நட், பினியன் ஸ்குரூ, செர்வோ கொம்பு மூன்றையும் முதல் ஓட்டத்துக்குப் பின் மறுபடி இறுக்க வேண்டும். முதல் பத்து ஓட்டம் இதே கதைதான்.

இஎஸ்சி நீர்புகாதது என்று போட்டிருந்தால் அது இஎஸ்சிக்கு மட்டும். சேற்றுத் தண்ணீரில் போனால் அன்றே பேரிங்குகளைத் துடைத்து ஒரு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

10. அப்கிரேடு: மோட்டார் கடைசியில்

என் பெரிய இழப்பு இதில்தான். மூன்றாவது வாரமே அதிக சக்தியுள்ள பிரஷ்லெஸ் மோட்டார் போட்டேன். ஒரு மாலை முழுக்க அருமையாகப் பறந்தது. அடுத்த மாலை ஸ்பர் கியரின் பல் மழிந்தது. கியரை மாற்றினேன், டிரைவ் ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டது. ஷாஃப்டை மாற்றினேன், டிஃப்ரென்ஷியல் போனது. ஒவ்வொன்றுக்கும் மூன்று வாரம் பார்சலுக்குக் காத்திருப்பு. சக்தி கூடினால் அது வரிசையில் அடுத்து நிற்கும் பலவீனமான பாகத்தைத் தேடிப் போய் உடைக்கும். ஏறுவதற்கான வண்டியில் சென்சார் இல்லாத பிரஷ்லெஸ் மோட்டார் மெதுவேகத்தில் விக்கிக்கொண்டே போகும் என்பதும் அப்போதுதான் புரிந்தது.

இப்போது யார் கேட்டாலும் நான் சொல்லும் வரிசை: பேரிங், செர்வோ, டயர், எடை, அதற்குப் பிறகே மோட்டார். செர்வோ 15 முதல் 20 கிலோ-செ.மீ. இழுக்கும் உலோகப் பல் வகையாக இருக்கட்டும். செர்வோ இழுக்கும்போது ரேடியோ விட்டுவிட்டு வேலை செய்தால், ரிசீவருக்கு மின்சாரம் போதவில்லை என்று அர்த்தம், ரிசீவருக்கும் செர்வோவுக்கும் மின்சாரம் தரும் தனி பிஇசி போட வேண்டும். டயர் மாற்றும்போது மென்மையான ரப்பரைத் தேடுங்கள், சக்கரம் மாட்டும் அறுகோணம் 12 மி.மீ. ஹெக்ஸா என்று பாருங்கள், உள்ளே ஃபோம் உண்டா என்று கேளுங்கள். கல் ஏறுவதில் டயர் தரும் வித்தியாசத்தை வேறு எந்தப் பாகமும் தராது. எடையைச் சக்கரத்துக்குள்ளோ அச்சிலோ, தாழ்வாக முன்பக்கம் சேருங்கள். கூரையில் ஏற்றும் லக்கேஜ் கேரியரும் ஜெர்ரி கேனும் பார்க்க அழகு, சரிவில் வண்டியைப் புரட்டும்.

மோட்டார் மாற்றும் நாள் வந்தாலும் கிட்டோடு வரும் 27 சுற்று 540க்குப் பதில் 35 அல்லது 55 சுற்று பிரஷ் மோட்டாரைப் பாருங்கள். சுற்று என்பது மோட்டாருக்குள் கம்பி சுற்றிய எண்ணிக்கை; அது கூடினால் வேகம் குறையும், அடிவேகத்தில் கட்டுப்பாடு கூடும். பழைய இஎஸ்சியே போதும்.

அடுத்த வெளிநாட்டு பார்சல் போடும்போது அலங்காரச் சாமானுக்கு முன்னால் இவற்றைச் சேர்த்துவிடுங்கள்: ஸ்பர் கியர் இரண்டு, பினியன் ஒரு பல் கூடியதும் குறைந்ததும், முன் அச்சின் ஸ்டியரிங் பாகங்கள் ஒட்டியபடி வரும் பிளாஸ்டிக் சட்டம் ஒன்று, டிரைவ் ஷாஃப்ட் ஒரு ஜோடி, இ-கிளிப்பும் பாடி கிளிப்பும் ஒரு பாக்கெட். பாக எண்ணைக் கையேட்டின் கடைசிப் பக்கத்திலிருந்து அப்படியே பார்த்து எழுதுங்கள். ஒரே சேஸிஸின் இரண்டு பாடிகளுக்கு முன் அச்சுக்கும் பின் அச்சுக்கும் இடையிலான நீளம் மாறும்போது ஷாஃப்டின் எண்ணும் மாறும்.